பத்து சதவீதப் பங்காளிகள்: கிருஷ்ணா–கோதாவரி எரிவாயுவும் சிறு முதலீட்டாளர்களும்

2005 ஜூன் 26 அன்று, அப்போதைய குஜராத் முதல்வர் நரேந்திர மோடி காந்திநகரில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். மாநில அரசுக்குச் சொந்தமான ஜிஎஸ்பிசி நிறுவனம் ஆந்திரக் கடலில், காக்கிநாடா அருகே துளைத்த கிணற்றில் 20 டிசிஎஃப் எரிவாயு கிடைத்திருக்கிறது. அதன் மதிப்பு 2 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம் என்பது செய்தி. ஒரு டிசிஎஃப் என்பது ஒரு லட்சம் கோடி கன அடி. மறுநாள் நாளிதழ்களெல்லாம் இந்தியாவின் எரிபொருள் கவலை தீர்ந்துவிட்டது போல் எழுதின.

அந்த அறிவிப்பைக் கேட்டு, கையில் கொஞ்சம் பணத்தோடு பங்குச் சந்தைப் பக்கம் ஓடிய ஒரு சராசரி இந்தியர் எதை வாங்கியிருக்க முடியும்? ஜிஎஸ்பிசி சந்தையில் பட்டியலிடப்படாத அரசு நிறுவனம். பத்து சதவீதப் பங்காளியான ஜூபிலன்ட் குழுமத்தின் எண்ணெய்ப் பிரிவும் சந்தையில் இல்லை. மீதிப் பத்து சதவீதம் ஜியோகுளோபல் ரிசோர்சஸ் என்ற சிறிய நிறுவனத்திடம் இருந்தது. அதன் அலுவலகம் கனடாவின் கால்கரி நகரில். பங்கு விற்பனையானது அமெரிக்கச் சந்தையில். ஆக, நம் கடற்கரைக்கு அருகில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட வாயுவின் மீது நேரடியாகப் பந்தயம் கட்டும் வாய்ப்பு வட அமெரிக்கச் சிறு முதலீட்டாளருக்குத்தான் வாய்த்தது. அவர்களும் கட்டினார்கள். ஓரிரு டாலரில் கிடந்த பங்கு 2006 தொடக்கத்துக்குள் 10 டாலரைத் தாண்டியது.

இதே கதை பக்கத்துக் கடற்பரப்பிலும் நடந்துகொண்டிருந்தது. ரிலையன்ஸின் புகழ்பெற்ற கேஜி–டி6 பிளாக்கில் 90 சதவீதம் ரிலையன்ஸுக்கு, 10 சதவீதம் நைகோ ரிசோர்சஸ் நிறுவனத்துக்கு. நைகோவும் கால்கரி நிறுவனம். டொராண்டோ சந்தையில் பட்டியலிடப்பட்டது. ரிலையன்ஸ் பங்கை வாங்கினால் சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோகெமிக்கல், கடை, கண்ணி எல்லாம் சேர்ந்தே வரும். வாயுவின் ஏற்ற இறக்கம் அதில் கரைந்துவிடும். நைகோவை வாங்கினால் பெரும்பாலும் டி6தான்.

ஒரே படுகையில் இரண்டு பத்து சதவீதப் பங்காளிகள். ஒருவர் கட்டிய பந்தயத்தில் சொன்ன அளவு வாயு இல்லை. இன்னொருவருடையதில் வாயு இருந்தது, கரைக்கும் வந்தது. முடிவில் இரண்டு நிறுவனங்களின் சிறு பங்குதாரர்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நின்றார்கள். கடலடியில் வாயு தேடும் நிறுவனங்களில் பணம் போடுகிறவர்கள் பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்பதையே ஓயாமல் விசாரிக்கிறார்கள். அதற்கு விடை கிடைத்த பிறகும், தான் வைத்திருக்கும் நிறுவனம் அந்த வாயு விற்றுக் காசாகும் வரை தாக்குப்பிடிக்குமா என்ற கேள்வி அப்படியே மிச்சமிருக்கிறது. பணத்தைத் தின்றது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான்.

முதலில் அந்த 20 டிசிஎஃப். ஜிஎஸ்பிசியின் பிளாக்கில் கடல் ஆழமில்லை, பாறைதான் ஆழம். கடல்தரைக்குக் கீழே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் இறங்கினால்தான் வாயு தங்கிய படிவம் வரும். அங்கே வெப்பம் 200 டிகிரி செல்சியஸை ஒட்டியது, அழுத்தம் மிகக் கடுமையானது, பாறையோ இறுகியது. துளைகளில் வாயு இருந்தாலும் அது கிணற்றை நோக்கி நகர்வதற்கு வழி குறைவு. உடைத்து வழி உண்டாக்க வேண்டும். அதற்கான கருவிகள் அந்த வெப்பத்தில் நிலைக்க வேண்டும். ஒரு கிணற்றில் கண்டதை வைத்து முழுப் படிவத்தின் கொள்ளளவை மதிப்பிட்டு, அதையே கையிருப்பு போல் பேசியதில்தான் எல்லாம் தொடங்கியது. பிறகு டிஜிஎச் என்னும் ஹைட்ரோகார்பன்ஸ் தலைமை இயக்குநரகம் ஏற்றுக்கொண்ட வளர்ச்சித் திட்டத்தில் இருந்த அளவு முதல் அறிவிப்பின் பத்தில் ஒரு பங்கு வாக்கில்தான் இருந்தது. 2007இல் உற்பத்தி என்றார்கள். சோதனை உற்பத்தி தொடங்கவே 2014 ஆயிற்று. அதுவும் சொற்பம். ஜிஎஸ்பிசியின் கடன் 2011 மார்ச்சில் 7,126 கோடி ரூபாயாக இருந்தது, 2015 மார்ச்சில் 19,716 கோடி ஆனதை அரசுக் கணக்குத் தணிக்கை அமைப்பான சிஏஜி பதிவு செய்திருக்கிறது. 2017இல் ஓஎன்ஜிசி அந்த பிளாக்கில் ஜிஎஸ்பிசியிடம் இருந்த 80 சதவீதப் பங்கைச் சுமார் 120 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அரசு நிறுவனம் விழுந்தால் தாங்கிப் பிடிக்க இன்னோர் அரசு நிறுவனம் வரும். ஜியோகுளோபலின் பங்குதாரரைத் தாங்க எவரும் வரவில்லை.

இங்கே எண்களின் தரவரிசையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெட்ரோலியத் துறை தன் இருப்பை மூன்று பெரும் படிகளாகப் பிரிக்கிறது. இன்னும் துளைக்காத இடத்தில், நில அதிர்வு ஆய்வுப் படத்தை மட்டும் வைத்து ஊகிக்கும் அளவு ஒரு படி. துளைத்துக் கண்டுபிடித்த பின்னும், விலை, குழாய், அனுமதி, தொழில்நுட்பம் ஏதோ ஒன்று கைகூடாததால் காத்திருக்கும் அளவு அடுத்தது. இன்றைய விலையில், இருக்கும் திட்டத்தில், லாபமாக எடுக்க முடிந்ததுதான் கையிருப்பு. கையிருப்பிலும் நிரூபிக்கப்பட்டது, சாத்தியம் அதிகமுள்ளது, சாத்தியம் குறைந்தது என்று உட்பிரிவுகள் உண்டு. இதற்கெல்லாம் அடியில், பாறையில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்ற எண் ஒன்று இருக்கும். அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மேடையில் சொல்ல வசதியானதும் அதுவே. 2005இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் தன்னிடம் தாக்கலாகும் ஆவணங்களில் நிரூபிக்கப்பட்ட கையிருப்பை மட்டுமே அனுமதித்தது. ஆனால் காந்திநகர் மேடை அந்த ஆணையத்தின் எல்லைக்குள் இல்லை. எனவே ஆவணத்தில் இடம் கிடைக்காத எண் செய்தித்தாளில் வாழ்ந்தது, பங்கு விலையிலும் வாழ்ந்தது.

ஜியோகுளோபலை வாங்கியவர்களை ஈர்த்த இன்னொரு விஷயம், தேடல் கட்டத்தில் அதன் பங்குச் செலவை ஜிஎஸ்பிசி சுமக்கும் என்ற ஒப்பந்தம். அடுத்தவர் செலவில் பத்து சதவீதம்! கேட்க எத்தனை இனிமை. ஆனால் கிணறுகள் ஆழமாகி, செலவு திட்டத்தைத் தாண்டியபோது, இந்தச் சுமப்பு எதுவரை என்ற தகராறு கிளம்பியது. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச வேலைத்திட்டத்துக்கு மேலான செலவில் ஜியோகுளோபல் தன் பங்கைக் கட்ட வேண்டும் என்றது ஜிஎஸ்பிசி. தேவையில்லை என்றது ஜியோகுளோபல். வழக்கமான வருமானம் என்று பெரிதாக ஏதுமில்லாத ஒரு நிறுவனத்துக்கு, அப்படி ஒரு பாக்கி தலைக்கு மேல் தொங்குவதே போதும். பங்கு விலை மெல்லக் கரைந்தது.

அதன் பிறகு அது என்ன செய்தது என்பதுதான் எனக்கு மிகவும் கற்றுக்கொடுத்த பகுதி. இஸ்ரேலுக்குப் போனது. ஏன் இஸ்ரேல் என்று கேட்டால், 2009 ஜனவரியில் ஹைஃபாவுக்கு மேற்கே 90 கிலோமீட்டர் தொலைவில், 1,700 மீட்டர் ஆழக் கடலில் டமார் வயலைக் கண்டுபிடித்திருந்தார்கள். பிரிட்டனின் பிஜி நிறுவனம் கைவிட்டுப் போன இடம் அது. அமெரிக்காவின் நோபிள் எனர்ஜி துளைத்தது. டெல் அவிவ் சந்தையில் ஒரு வினோத அமைப்பு உண்டு: எண்ணெய் தேடும் கூட்டாண்மைகள் தங்கள் பங்கேற்பு அலகுகளைப் பொதுமக்களுக்கு விற்கலாம்; அப்போது வரிச் சலுகையும் இருந்தது. டமாரில் 28.75 சதவீதம் வைத்திருந்த இஸ்ராம்கோ நெகேவ்–2 அப்படிப்பட்ட ஒன்று. அதன் அலகுகள் பன்மடங்கு ஏறின. 2010 டிசம்பரில் அதைவிடப் பெரிய லெவியாதன் வந்தது. அறிவித்த அளவு 16 டிசிஎஃப். அதில் 15 சதவீதம் வைத்திருந்த ரேஷியோ கூட்டாண்மையும் அப்படியே. வங்கி ஊழியர், ஆசிரியர், ஓய்வு பெற்றவர் என்று ஊரே துளைப்புக் கப்பலின் நிலவரத்தைப் பேசிய காலம் அது.

லெவியாதனைத் துளைப்பதற்கு முன் வந்த அறிவிப்பில் ஒரு சுவையான விவரம் இருந்தது. வாயுவுக்கு வாய்ப்பு 50 சதவீதம். அதற்கும் கீழே, 5,800 மீட்டர் ஆழத்தில், 300 கோடி பீப்பாய் எண்ணெய் இருக்கக்கூடும். அதற்கான வாய்ப்பு 17 சதவீதம். 300 கோடியும் 17 சதவீதமும் ஒரே அறிவிப்பில்தான் வந்தன. ஆனால் ஊர் வாயில் ஏறியது 300 கோடி மட்டுமே. 17 வழியிலேயே உதிர்ந்துவிட்டது. ஆறு முறை துளைத்தால் ஐந்து முறை வெறுங்கை என்பதுதான் 17 சதவீதத்தின் பொருள். அந்த ஆழத்தை முதலில் துளைத்த கிணறு பொறியியல் சிக்கலால் இலக்கை எட்டாமலே 2012இல் நின்றது.

இந்தச் சூட்டில்தான் மைரா, சாரா என்ற இரண்டு உரிமங்கள் பிரபலமாயின. மோடியின் எனர்ஜி, ஐஎல்டிசி எனர்ஜி போன்ற டெல் அவிவ் நிறுவனங்கள் பங்காளிகள். (இங்கே மோடியின் என்பது ஓர் இஸ்ரேலிய ஊரின் பெயர், நம் கதையின் முதல் பத்தியோடு சம்பந்தமில்லை.) துளைப்பை நடத்தும் ஆபரேட்டர், நம் ஜியோகுளோபல். இரண்டு கட்டமைப்பும் சேர்ந்து 6.5 டிசிஎஃப் இருக்கலாம், பாதிக்குச் சற்று மேலான வாய்ப்பு உண்டு என்று அமெரிக்க மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கை வந்தது. பக்கத்தில் டமார், அடுத்து லெவியாதன். இடையில் இது மட்டும் எப்படி வறண்டு போகும் என்பதே பேச்சு. 2012இன் பிற்பகுதியில் மைரா வறண்டது. சில வாரங்களில் சாராவும். டெல் அவிவில் அந்தப் பங்குகள் செங்குத்தாக விழுந்தன. ஜியோகுளோபல் அதற்குப் பின் எழவே இல்லை. காக்கிநாடாவில் தொடங்கி ஹைஃபாவில் முடிந்த ஒரு பயணம்.

சரி, வாயு கிடைத்தவர்களின் கதைக்கு வருவோம். நைகோவைப் பார்ப்பதற்கு முன், டெல் அவிவில் வென்றவர்களும் சும்மா சம்பாதிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். டமார் கண்டுபிடிப்புக்குப் பின், 2010 ஏப்ரலில் இஸ்ரேல் அரசு பொருளாதாரப் பேராசிரியர் எய்டன் ஷெஷின்ஸ்கி தலைமையில் ஒரு குழு அமைத்தது. நாட்டின் வளத்தில் அரசின் பங்கு மிகக் குறைவு என்றது குழு. 2011இல் புதிய வரிச் சட்டம் வந்தது. போட்ட முதல் திரும்பிய பிறகு லாபத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை தனி வரி. லெவியாதன் வாயு கரைக்கு வந்தது 2019 டிசம்பர் 31 அன்று. கண்டுபிடித்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. நடுவில் ஏற்றுமதி விவாதம், ஏகபோகத் தடுப்பு அதிகாரியின் எதிர்ப்பு, உச்சநீதிமன்ற வழக்கு. வாயு அத்தனை ஆண்டும் அங்கேயேதான் இருந்தது. மாறியதெல்லாம் கரையில்.

டி6இல் இதே விஷயம் இன்னும் கொடூரமாக நடந்தது. 2000ஆம் ஆண்டு ஒப்பந்தம். 2002 அக்டோபரில் தீருபாய்–1 கண்டுபிடிப்பு. 2004இல் போட்ட முதல் திட்டம் நாளுக்கு 4 கோடி கன மீட்டர், செலவு 240 கோடி டாலர். 2006இல் திருத்திய திட்டத்தில் அது 8 கோடி கன மீட்டர் ஆயிற்று, முதல் கட்டச் செலவு மட்டும் 520 கோடி டாலர். எடுக்கக்கூடிய கையிருப்பு 10.03 டிசிஎஃப் என்று காட்டினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு 8 கோடி கன மீட்டர் என்றால் ஆண்டுக்கு 2,920 கோடி கன மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு டிசிஎஃப். அந்த வேகத்தில் எடுத்தால் பத்து ஆண்டில் தீரும் வயல். முதலீட்டாளர் அறிக்கைகள் இதை நிரந்தர ஊற்று போலத்தான் காட்டின.

2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. ஓராண்டுக்குள் 6 கோடி கன மீட்டரைத் தொட்டது. நைகோவின் பங்கு 100 கனடிய டாலருக்கு மேல் போனது. பிறகு வீழ்ச்சி. அந்த வயல் ஒரே பெரிய தொட்டி இல்லை; பழங்காலத்து நதிமணல் கடலடிச் சரிவில் வாய்க்கால் வாய்க்காலாகப் படிந்தது. ஒரு வாய்க்காலுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பது எடுத்துப் பார்க்கும் வரை உறுதியாகத் தெரியாது. அழுத்தம் விரைவாக இறங்கியது. கிணறுகளில் நீரும் மணலும் ஏறின. திட்டமிட்ட எண்ணிக்கையில் கிணறு துளைக்காததே காரணம் என்றது அரசு. பாறை எதிர்பார்த்தபடி இல்லை, மேலும் துளைப்பது வீண் என்றது ரிலையன்ஸ். 2012இல் 10.03 என்ற எண் 3.1 ஆகக் குறைக்கப்பட்டது. உற்பத்தி குறைந்ததற்குத் தண்டனையாக, போட்ட செலவை வருமானத்திலிருந்து மீட்கும் உரிமையில் அரசு வெட்டு போட்டது. அந்த வெட்டில் நைகோவுக்கும் பங்கு உண்டு.

2011 பிப்ரவரியில் பிபி நிறுவனம் ரிலையன்ஸின் 23 பிளாக்குகளில் 30 சதவீதத்தை 720 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. உலகின் பெரிய நிறுவனமே வருகிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சிறு பங்குதாரர்கள் தேறிக்கொண்டார்கள். இந்தத் துறையில் பெரிய பெயரைப் பார்த்து நம்புவது பரவலான பழக்கம். பிபிக்கு அது தாங்கக்கூடிய ஒரு பந்தயம். நைகோவுக்கு அதுதான் வீடு.

அப்புறம் விலை. டி6 வாயுவுக்கு அரசு 10 லட்சம் பிடியூ வெப்ப அலகுக்கு 4.20 டாலர் என்று ஐந்தாண்டுக்கு நிர்ணயித்திருந்தது. 2013 ஜூனில் மத்திய அமைச்சரவை, வாயு விலை பற்றிய ரங்கராஜன் குழுவின் சூத்திரத்தை ஏற்றது. 2014 ஏப்ரல் முதல் விலை இரட்டிப்பாகி 8.4 டாலர் வாக்கில் வரும் என்று கணித்தார்கள். நைகோ பங்குதாரர்களுக்கு இது கடைசிப் பிடிமானம். மார்ச்சில் தேர்தல் ஆணையம் தள்ளிவைக்கச் சொன்னது. புதிய அரசு வந்து அக்டோபரில் வேறொரு சூத்திரம் கொண்டுவந்தது. கிடைத்தது 5 டாலர் சொச்சம். அந்தக் கூடுதலும் டி6இன் டி1, டி3 வயல்களின் உற்பத்திக் குறைவுத் தகராறு தீரும் வரை தனிக் கணக்கில்தான் போகும் என்றார்கள்.

நைகோ தன் பங்குக்கும் தவறுகள் செய்தது. வங்கதேசத்தில் அது துளைத்த தெங்கராதிலா வயலில் 2005இல் இருமுறை தீப்பிடித்தது. அந்நாட்டு அமைச்சர் ஒருவருக்கு விலையுயர்ந்த வாகனம் கொடுத்ததாக 2011இல் கனடிய நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 95 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. டி6 பணம் வந்துகொண்டிருந்த காலத்தில் இந்தோனேசிய ஆழ்கடலில் உரிமங்களை வாரி வாங்கியது, துளைத்தவை கைகொடுக்கவில்லை. கடன் ஏறியது. நூறு டாலர் பங்கு சில சென்ட் ஆயிற்று.

நம் சந்தையிலும் கேஜி படுகையின் மீது பந்தயம் கட்ட ஒரு வழி இருந்தது. அதை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் முணுமுணுப்பார்கள். ரிலையன்ஸை நடத்திய அம்பானி சகோதரர்கள் பிரிந்தபோது தம்பி பக்கம் உருவான ஆர்என்ஆர்எல் நிறுவனத்துக்குச் சொந்தமாக டி6இல் ஒரு கிணறுகூட இல்லை. அதனிடம் இருந்தது ஓர் உரிமைக் கோரிக்கை: நாளுக்கு 2.8 கோடி கன மீட்டர் வாயுவை 17 ஆண்டுகளுக்கு 2.34 டாலர் விலையில் அண்ணன் நிறுவனமான ரிலையன்ஸ் தர வேண்டும் என்பது. 2009 ஜூனில் மும்பை உயர்நீதிமன்றம் தம்பி பக்கம் சாய்ந்ததும் பங்கு பறந்தது. 2010 மே 7 அன்று உச்சநீதிமன்றம் வாயுவின் விலையையும் பங்கீட்டையும் தீர்மானிப்பது அரசு என்று தீர்ப்பளித்ததும் வீழ்ந்தது. சில மாதத்தில் நான்கு ஆர்என்ஆர்எல் பங்குக்கு ஒரு ரிலையன்ஸ் பவர் பங்கு என்ற விகிதத்தில் இணைத்துவிட்டார்கள். ஒரு குடும்பச் சொத்துத் தகராறின் மீது லட்சக்கணக்கானோர் பணம் கட்டியிருந்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் தெரியவில்லை.

தமிழகக் கரைக்கும் இதில் ஒரு சிறு அத்தியாயம் உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே காவிரிப் படுகைக் கடலில் இருக்கும் பிஒய்–1 வயல், ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷன் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதன் வாயு கடலடிக் குழாய் வழியாகத் திருக்கடையூர் பக்கம் பிள்ளைப்பெருமாள்நல்லூருக்கு வந்து, அங்குள்ள மின்நிலையத்துக்குப் போனது. 2009 நவம்பரில் உற்பத்தி தொடங்கியபோது சென்னையில் பங்கு வைத்திருந்தவர்களிடையே நல்ல உற்சாகம். இத்தாலியின் எனி நிறுவனம்தான் பெரும்பங்குதாரர் என்பது கூடுதல் தெம்பு. அந்த வயலில் வாயு மணற்பாறையில் இல்லை, அடியிலுள்ள கிரானைட்டின் விரிசல்களில் இருக்கிறது. விரிசல் எங்கே போகிறது, எங்கே மூடுகிறது என்பது மணற்பாறையைவிடக் கணிக்கக் கடினம். எதிர்பார்த்த அளவு வரவில்லை. கையிருப்பு மதிப்பு வெட்டப்பட்டது. சில ஆண்டுகளில் எனி வெளியேறியது. எனினும் இந்த நிறுவனம் பிழைத்தது. 2015க்குப் பின் புதிய நிர்வாகம் செலவைச் சுருக்கி, அசாமிலும் மும்பைக் கடலிலும் சிறு வயல்களைப் பிடித்துக்கொண்டு நடத்தியது. பெரிய கடன் இல்லாததே அதைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு.

கிணறு வறண்டாலும் ரிக் வாடகை வந்துவிடுமே, துளைப்புக் கப்பல் நிறுவனத்தில் போடலாமே என்று யோசித்தவர்களும் உண்டு. சென்னையின் அபான் ஆஃப்ஷோர் அவர்களின் தேர்வு. 2006–07இல் நார்வேயின் சின்வெஸ்ட் நிறுவனத்தைப் பெருங்கடனில் வாங்கியது அபான். 2010 மே மாதம் அதன் அபான் பேர்ல் ரிக் வெனிசுவேலா கடலில் மூழ்கியது. 2014இல் எண்ணெய் விலை சரிந்ததும் ரிக்குகளுக்கு வேலை குறைந்தது. ஆயிரக்கணக்கான ரூபாயில் இருந்த பங்கு இரண்டு இலக்கத்துக்கு வந்தது. வாடகை நிச்சயம்தான், வட்டி அதைவிட நிச்சயமாக இருந்தது.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது, இந்தப் பங்குகளைப் பின்தொடர்கிறவர்களின் உழைப்பு எங்கே செலவாகிறது என்பது வியப்பூட்டுகிறது. ரிக் எந்தத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது, கப்பலின் இருப்பிடக் குறி எந்தப் புள்ளியில் நிற்கிறது, நில அதிர்வுப் படத்தில் அந்தப் பளிச்சென்ற தட்டைக்கோடு வாயுவா நீரா என்றெல்லாம் இரவு பகலாக ஆராய்கிறார்கள். புவியியல் தெரியாதவரும் அரைப் புவியியலாளர் ஆகிவிடுகிறார். அது அறிவுக்கு நல்லதுதான். நானும் அந்தப் படங்களை ஆசையோடு பார்ப்பவன். ஆனால் அந்தப் படத்தை நிறுவனத்தின் நிபுணர் முழுத் தரவோடு பார்த்து, ஒரு சதவீதத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டார். வெளியிலிருந்து நாம் அதில் சேர்க்கக் கூடியது ஏதுமில்லை. சேர்க்கக் கூடியது இருப்புநிலைக் குறிப்பில் இருக்கிறது. அதை யாரும் ஆசையோடு பார்ப்பதில்லை.

ஏனென்றால் இந்தத் தொழிலில் சிறிய நிறுவனத்தின் முக்கியமான தேதி துளைப்புத் தேதி அல்ல, ஆபரேட்டர் பணம் கேட்டு எழுதும் கடிதத்தின் தேதி. பத்து சதவீதம் வைத்திருப்பவருக்கு எப்போது துளைப்பது, எத்தனை கிணறு, எப்போது வயலை வளர்ப்பது என்பதில் குரல் மிகக் குறைவு. செலவில் பத்து சதவீதம் மட்டும் தவறாமல் வரும். கட்ட இரண்டே வழி: கடன், அல்லது புதுப் பங்கு. விலை இறங்கிய நேரத்தில் புதுப் பங்கு விற்றால் பழைய பங்குதாரரின் பங்கு கரைகிறது. வாயு அப்படியே இருக்க, அதில் அவருக்குரிய அளவு மட்டும் சுருங்குகிறது. வறண்ட கிணற்றில் இழப்பு ஒரே நாளில் தெரிந்துவிடும். வெற்றிக் கிணற்றில்தான் அடுத்த செலவு தொடங்குகிறது: எல்லை காண மேலும் கிணறு, கடலடிக் கட்டமைப்பு, குழாய். லண்டனின் சிறு நிறுவனச் சந்தையில் இருக்கும் பார்டர்ஸ் அண்ட் சதர்ன் 2012 ஏப்ரலில் ஃபாக்லாந்துத் தீவுகளுக்குத் தெற்கே டார்வின் என்ற வயலில் வாயுவும் அதோடு சேர்ந்த திரவ எரிபொருளும் உண்மையாகவே கண்டுபிடித்தது. பத்தாண்டுக்கு மேலாகியும் அது வளர்க்கப்படவில்லை. செலவைப் பகிரும் பெரிய பங்காளி வாய்க்கவில்லை. பங்கு சில பென்னிகளில் கிடந்தது. அங்கே தேடல் தோற்கவில்லை.

ஆகவே இப்படி ஒரு பங்கு உங்கள் கண்ணில் பட்டால், எத்தனை டிசிஎஃப் என்று கேட்பதற்கு முன், கையில் இருக்கும் ரொக்கம் எத்தனை மாதச் செலவுக்குக் காணும் என்று பாருங்கள். விற்பனை விலையை யார் நிர்ணயிப்பது, சந்தையா அரசா என்று பாருங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை எவ்வளவு பெருகியிருக்கிறது என்று பாருங்கள். எதிர்காலத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே நம்பகமான சாட்சி. இவை மூன்றும் ஆண்டறிக்கையில் இருக்கும்.

நைகோவின் முடிவை இன்னும் சொல்லவில்லை. 2017இல் ரிலையன்ஸும் பிபியும் டி6இல் ஆர் கிளஸ்டர், சாட்டிலைட், எம்ஜே என்ற மூன்று புதிய வயல்களை வளர்க்கத் தீர்மானித்தன; முதலீடு சுமார் 40,000 கோடி ரூபாய். 2018இல் ஆர் கிளஸ்டருக்கான தன் பங்குத் தொகையை நைகோவால் கட்ட முடியவில்லை. ஒப்பந்தப்படி அதன் பத்து சதவீதம் மற்ற இருவருக்கும் போயிற்று. 2020 பிப்ரவரியில் பழைய டி1, டி3 வயல்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் ஆர் கிளஸ்டரிலிருந்து வாயு வந்தது. 2021இல் சாட்டிலைட், 2023இல் எம்ஜே. மூன்றும் சேர்ந்து அப்போது நாளுக்கு 3 கோடி கன மீட்டர் வாக்கில் தந்தன, இந்திய உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இப்படிப்பட்ட ஆழ்கடல் வாயுவுக்கு அரசு அனுமதித்த உச்ச விலை 2022 அக்டோபரில் 12.46 டாலர். நைகோவின் பங்குதாரர்கள் காத்திருந்த வாயுவும் விலையும் கடைசியில் வந்தே விட்டன. பத்து சதவீதம் கைமாறி அதற்குள் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.